பத்து ரூபாய் பாட்டில்: கோக், பெப்சியின் கையைக் கட்டிப்போட்டது எது?

கேம்பா கோலா, 200 மி.லி., விலை 10 ரூபாய். 2023 மார்ச்சில் ரிலையன்ஸ் இந்த பாட்டிலைச் சந்தையில் இறக்கியது. அதே கடையில் கோக்கும் பெப்சியும் 250 மி.லி. 20 ரூபாய். காலேஜ் விட்டு வரும் பையனின் பாக்கெட்டில் இருப்பது ஒரே ஒரு பத்து ரூபாய் நாணயம் என்றால், அவன் எதை எடுப்பான் என்று சொல்ல மார்க்கெட்டிங் படித்திருக்க வேண்டியதில்லை.

யோசிக்க வேண்டியது வேறு. கோக், பெப்சி இரண்டுமே உலகம் முழுக்க ஒருவரோடு ஒருவர் மோதிப் பழகிய கம்பெனிகள். பணம் இருக்கிறது, ஆலை இருக்கிறது, ஊர் ஊராக ஏஜென்சி இருக்கிறது. ‘நாங்களும் பத்து ரூபாய்க்குத் தர்றோம்’ என்று மறுமாதமே சொல்லியிருக்கலாமே? கண்ணாடி பாட்டிலில், கடையிலேயே குடித்துவிட்டு பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும் வகையில், சில ஊர்களில் 10 ரூபாய் பானம் அவர்களிடமும் உண்டு. ஆனால் கையில் எடுத்துக்கொண்டு நடக்கும் பிளாஸ்டிக் பாட்டிலில் அவர்களுடைய 10 ரூபாய் பதில் பரவலாக வந்தது ஏறத்தாழ இரண்டு வருடம் கழித்து, 2025-ல். அதுவும் சர்க்கரை இல்லாத வகைகளில்.

இவ்வளவு தாமதம் ஏன்? தூங்கிவிட்டார்களா? இல்லை. ரிலையன்ஸ் தேர்ந்தெடுத்த இடம் அப்படி. எதிராளி என்ன செய்வார் என்று கணக்குப் போடுவது எல்லா கம்பெனியும் செய்கிற வேலை. எதிராளிக்கு ஆசை இருந்தாலும் எதைச் செய்ய முடியாது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டமான வேலை. கேம்பாவின் கதை இந்த இரண்டாவது வேலையைப் பற்றியது.

பழைய பெயர், புது முதலாளி

1977-ல் கோக் இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்தக் காலி இடத்தில் முளைத்தவைதான் தம்ஸ் அப்பும் கேம்பா கோலாவும். கேம்பாவைத் தயாரித்த ப்யூர் டிரிங்க்ஸ் அதற்கு முன்பு கோக்குக்கே பாட்டிலில் அடைத்துக் கொடுத்த நிறுவனம். 1990-ல் பெப்சியும் 1993-ல் கோக்கும் வந்த பிறகு கேம்பா மெல்ல மறைந்துபோனது. 2022-ல் ரிலையன்ஸ் அந்தப் பெயரை வாங்கியது; செய்திகளில் வெளியான தொகை சுமார் 22 கோடி ரூபாய். ரிலையன்ஸ் அளவுக்கு இது சில்லறைக் காசு.

2024-25 நிதியாண்டில் ரிலையன்ஸின் நுகர்பொருள் பிரிவுடைய வருமானம் சுமார் 11,500 கோடி ரூபாய். அதில் கேம்பா மட்டும் 1,000 கோடியைத் தாண்டியது என்றும், சில மாநிலங்களில் 10 சதவீதத்துக்கு மேல் சந்தைப் பங்கு பிடித்துவிட்டது என்றும் நிறுவனம் சொன்னது. பெயரை வாங்கி மூன்று வருடத்துக்குள் இது நடந்தது.

எதிராளியைப் படிப்பது எப்படி?

‘போட்டியாளர் ஆய்வு’ என்றதும் சினிமா பாணியில் உளவு, ஒட்டுக்கேட்பு, பென் டிரைவ் என்றெல்லாம் தோன்றலாம். நிஜத்தில் அது பெரும்பாலும் அலுப்பூட்டும் வேலை. தகவலில் பாதி வெளிப்படையாகவே கிடக்கிறது.

பெப்சியை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் பெப்சி பானங்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பாட்டிலில் அடைத்து விற்பது வருண் பெவரேஜஸ் என்ற நிறுவனம். 2019-ல் தமிழ்நாடும் அதன் கைக்கு வந்தது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எத்தனை பெட்டி விற்றது, எங்கே புது ஆலை வருகிறது, எவ்வளவு லாபம் என்று அறிவித்தே ஆக வேண்டும். பங்கு ஆய்வாளர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நிர்வாகம் சொல்லும் பதிலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ரிலையன்ஸும் படிக்கும், கோக்கும் படிக்கும்.

பட்டியலிடப்படாத கம்பெனி என்றால்? மத்திய கம்பெனி விவகாரத் துறையின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால், இந்தியாவில் பதிவான எந்தக் கம்பெனியும் தாக்கல் செய்த பொது ஆவணங்களைப் பார்க்கலாம். வரவு செலவு, கடன், இயக்குநர்கள் எல்லாம் அதில் இருக்கும். வேலைக்கு ஆள் தேடும் விளம்பரங்கள் இன்னொரு ஜன்னல். கோயம்புத்தூர் பக்கம் திடீரென்று இருபது ஏரியா சேல்ஸ் மேனேஜர் தேவை என்று ஒரு கம்பெனி போட்டால், அடுத்த சீசனில் எங்கே இறங்கப் போகிறது என்று அதுவே சொல்லிவிடுகிறது.

இதையெல்லாம்விடப் பெரிய உளவாளி லைனுக்குப் போகும் சேல்ஸ்மேன். தினமும் முப்பது, நாற்பது கடை ஏறி இறங்குகிறவருக்கு, எந்தக் கடையில் எவன் என்ன ஸ்கீம் கொடுக்கிறான், பத்து கேஸ் எடுத்தால் எத்தனை ஃப்ரீ, எந்த பாட்டில் தூசி பிடித்து நிற்கிறது என்பது மாலைக்குள் தெரிந்துவிடும். தலைமை அலுவலகத்துக்கு அது பவர்பாயின்ட்டாகப் போய்ச் சேர மூன்று வாரம் ஆகும். பல கம்பெனிகள் கோட்டை விடுவது இந்த மூன்று வாரத்தில்தான்.

எல்லை எது என்பதற்கும் கோலா உலகத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2006-ல் அட்லாண்டாவில் கோக் தலைமையகத்தில் செயலாளராக இருந்த ஒரு பெண்ணும் இரண்டு கூட்டாளிகளும் கம்பெனியின் ரகசிய ஆவணங்களையும் வெளிவராத ஒரு பானத்தின் மாதிரியையும் பெப்சிக்கு விற்கப் பார்த்தார்கள். வந்த கடிதத்தை பெப்சி நேராக கோக்கிடமே கொடுத்தது. எஃப்பிஐ வலை விரித்துப் பிடித்தது. அந்தப் பெண்ணுக்கு எட்டு வருட சிறை. பெப்சி செய்ததில் நேர்மை மட்டுமல்ல, கணக்கும் இருந்திருக்கும்: திருட்டு ரகசியத்தால் வரும் லாபத்தைவிட, பிடிபட்டால் வரும் வழக்கு பல மடங்கு பெரிது.

நாலு கேள்வி

தகவலைச் சேர்த்துவிட்டால் போதுமா? ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1980-ல் எழுதிய ‘காம்பெட்டிட்டிவ் ஸ்ட்ராட்டஜி’ புத்தகத்தில் எதிராளியைப் படிக்க நாலு கோணம் சொன்னார். இன்றைக்கும் எம்பிஏ வகுப்புகளில் இதுதான் பாடம். அவர் எதை நோக்கிப் போகிறார்? இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்? அவரிடம் என்ன பலம் இருக்கிறது? தன்னைப் பற்றியும் சந்தையைப் பற்றியும் அவர் எதை நம்புகிறார்?

முதல் மூன்றையும் ஆவணத்தில் தேடலாம். நாலாவது எங்கேயும் எழுதி இருக்காது. ஆனால் ஆட்டத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

கோக்கும் பெப்சியும் இந்தியாவைப் பற்றி எதை நம்பின? அதற்கு 2003-க்குப் போக வேண்டும். அந்த வருடம் கோக் 200 மி.லி. பாட்டிலை 5 ரூபாய்க்குக் கொடுத்தது. ஆமிர் கான் நடித்த விளம்பரங்கள் டிவியில் ஓடிக்கொண்டிருந்த காலம். பெப்சியும் வேறு வழியில்லாமல் இறங்கியது. விற்பனை எகிறியது, லாபம் கரைந்தது. கடைசியில் இரண்டு பேருமே விலையை ஏற்றினார்கள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் இடையே விளம்பரத்தில் சண்டை நடந்தது, கிரிக்கெட்டில் நடந்தது, நடிகர்களை வளைப்பதில் நடந்தது. விலையில் மட்டும் அப்படி ஒரு சண்டை வரவில்லை. பேசிவைத்தார்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. சூடு பட்ட பூனைக்குப் பால் பற்றி ஒரு கருத்து இருக்குமே, அந்த மாதிரி.

ஆக, மூன்றாவதாக வருகிற ஆளுக்கு அந்த இடம் திறந்தே கிடந்தது.

பத்து ரூபாய்க்குள் என்னதான் இருக்கிறது?

இந்தச் சண்டையைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். கார்பனேட்டட் பானத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். 2025 செப்டம்பர் 22 வரை 28 சதவீத வரி, 12 சதவீத செஸ் என்று இரண்டாக இருந்தது. இப்போது ஒரே 40. அச்சிட்ட விலையிலேயே வரி அடக்கம் என்பதால், 10 ரூபாய் பாட்டிலில் ஏறக்குறைய 2 ரூபாய் 86 பைசா அரசாங்கத்துக்கு. சரக்கு கைமாறும் விதத்தைப் பொறுத்துச் சில பைசா முன்னே பின்னே இருக்கும்.

மிச்சம் 7 ரூபாய் 14 பைசா. கடைக்காரர் லாபம், ஏஜென்சி லாபம், லாரி வாடகை, பாட்டில், மூடி, லேபிள், சர்க்கரை, கேஸ், தண்ணீர், ஆலைச் செலவு, விளம்பரம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். 20 ரூபாய் பாட்டிலில் இதே மிச்சம் 14 ரூபாய் 28 பைசா. அதில் பானம் 50 மி.லி. மட்டுமே அதிகம். லாரி அதே லாரி, மூடி அதே மூடி, இறக்கி வைக்கிறவர் கூலி அதே கூலி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது கூல் டிரிங்க்ஸ் வியாபாரத்துக்கென்றே சொன்ன பழமொழி மாதிரி இருக்கிறது.

கடைக்காரர் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. கேம்பா வந்தபோது கடைக்கும் ஏஜென்சிக்கும் வழக்கத்தைவிட அதிக லாப விகிதம் கொடுத்தது. ஆனால் சதவீதத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. உதாரணத்துக்கு, 10 ரூபாய் பாட்டிலில் 8 சதவீதம் என்றால் கைக்கு வருவது 80 பைசா. 20 ரூபாய் பாட்டிலில் வெறும் 5 சதவீதம் கிடைத்தாலும் முழுசாக ஒரு ரூபாய். அப்புறம் கடைக்காரர் ஏன் சின்ன பாட்டிலை முன்னால் வைக்கிறார்? வேகமாகப் போகும் என்பதால். காலையில் வைத்தது மாலைக்குள் காலியானால் 80 பைசா லாபம். நாலு நாள் ஃபிரிட்ஜில் நின்றால் அந்த ஒரு ரூபாய்க்கு மதிப்பே வேறு.

ஃபிரிட்ஜ் என்று சொன்னதும் ஒன்று. கண்ணாடிக் கதவு போட்ட அந்த ஃபிரிட்ஜ்கள் பலவும் கோக் அல்லது பெப்சி கொடுத்தவை. எங்கள் பானத்தை மட்டும்தான் வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நடைமுறையில் தயிர் பாக்கெட்டும் மல்லிகைப் பூவும் கூட அதற்குள் குடியிருக்கும். ஆனால் போட்டி கோலா பாட்டில் உள்ளே இருப்பதைக் கம்பெனி ஆள் பார்த்தால் பேச்சு வேறு மாதிரி போகும். புதிதாக வருகிறவருக்கு ருசியோ விளம்பரமோ முதல் தடை இல்லை. இந்தக் கண்ணாடிக் கதவுதான். ரிலையன்ஸுக்கு இதில் ஒரு குறுக்கு வழி இருந்தது. 19,000-க்கும் மேற்பட்ட சொந்தக் கடைகளில் மளிகை விற்கும் கடைகள் எல்லாம் கேம்பாவுக்குத் திறந்த கதவு. யார் கையையும் பிடிக்க வேண்டியதில்லை. பெட்டிக்கடைதான் அதற்குப் பிறகும் ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டிய மலை.

குறைத்தாலும் அடி, குறைக்காவிட்டாலும் அடி

இப்போது கோக், பெப்சி நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம். எண்கள் கற்பனை, தர்க்கம் நிஜம். ஒரு ஏரியாவில் நாளைக்கு 100 பாட்டில் விற்கிறது, பாட்டிலுக்கு 3 ரூபாய் லாபம். மொத்தம் 300 ரூபாய். புதுப் போட்டியாளர் வந்து 15 பாட்டிலைப் பிடுங்கிக்கொள்கிறார். நஷ்டம் 45 ரூபாய். அதைத் தடுக்க பாட்டிலுக்கு 2 ரூபாய் குறைத்தால் என்ன ஆகும்? போக இருந்த 15 பாட்டிலும் தங்கிவிடும் என்றே வைத்துக்கொண்டாலும், 100 பாட்டிலுக்கும் லாபம் ஒரு ரூபாய்தான். மொத்தம் 100. நஷ்டம் 200 ரூபாய்.

45 ரூபாய் போவதைத் தடுக்க 200 ரூபாயை யார் விடுவார்கள்? ஆகவே சும்மா இருப்பதுதான் புத்திசாலித்தனமாகத் தெரியும். இந்தக் கணக்குப்படி மூன்றில் இரண்டு பங்கு சந்தை கையை விட்டுப் போகும் வரைக்கும் சும்மா இருப்பதே லாபம். அதற்குள் கதை முடிந்திருக்கும். பெரிய கம்பெனிகள் புதுப் போட்டியாளரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பதற்குத் திமிர் மட்டும் காரணம் இல்லை. ஒவ்வொரு காலாண்டிலும் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

இதைவிட ஆழமான முடிச்சு ஒன்று உள்ளே இருக்கிறது. கோக், பெப்சி தாய் நிறுவனங்களின் முக்கிய வருமானம் கான்சன்ட்ரேட் எனப்படும் மூலக்கலவையை விற்பதில் வருகிறது. அதை வாங்கித் தண்ணீர், சர்க்கரை, கேஸ் சேர்த்து, பாட்டிலில் அடைத்து, லாரியில் ஏற்றி அனுப்புவது பாட்டிலிங் நிறுவனத்தின் வேலை. விலையைக் குறைத்தால் அந்த அடி யார் தலையில்? மூலக்கலவை விலையைக் கம்பெனி குறைக்குமா, பாட்டிலிங் நிறுவனம் தாங்குமா? பெப்சியும் வருணும் தனித்தனி முதலாளிகள், தனித்தனி பங்குதாரர்கள். கோக்கும் அதே பாதையில்தான் போகிறது: சொந்தமாக வைத்திருந்த பாட்டிலிங் தொழிலைச் சில மாநிலங்களில் பழைய பாட்டிலிங் நிறுவனங்களுக்கே விற்றது, 2024 டிசம்பரில் ஹிந்துஸ்தான் கோகோ-கோலாவின் தாய் நிறுவனத்தில் 40 சதவீதப் பங்கை ஜூபிலன்ட் பார்தியா குழுமத்துக்குத் தருவதாக அறிவித்தது. பல ஆயிரம் கோடி போட்டு ஒருவர் உள்ளே வரும் நேரத்தில், ‘வாங்க, எல்லா பாட்டிலையும் பாதி விலைக்கு விற்கலாம்’ என்று சொல்வது சுலபம் இல்லை.

ரிலையன்ஸுக்கு இந்தக் கட்டு எதுவும் இல்லை. காப்பாற்ற வேண்டிய பழைய 20 ரூபாய் பாட்டில் அதனிடம் கிடையாது. பிராண்டும் கடையும் ஒரே குழுமம். கேம்பா பல வருடம் லாபமே தராவிட்டாலும் பெட்ரோலியமும் ஜியோவும் சம்பாதிக்கின்றன. 10 ரூபாய் என்ற விலையில் இருந்த தைரியத்தைவிட, அந்த விலைக்கு எதிராளியால் இறங்க முடியாது என்ற கணக்குதான் பெரிது. ஜியோவைப் பார்த்தவர்களுக்கு இந்த வாசனை புதிதல்ல.

சர்க்கரை இல்லாத பதிலடி

பிறகு 2025-ல் வந்த பதில் எப்படிப்பட்டது? தம்ஸ் அப் எக்ஸ் ஃபோர்ஸ், கோக் ஸீரோ, ஸ்பிரைட் ஸீரோ, பெப்சி நோ ஷுகர் என்று சர்க்கரை இல்லாத பானங்கள் 10 ரூபாய் பாட்டிலில் வந்தன. உடம்பைப் பற்றி திடீர் அக்கறை என்று நினைத்தால், பாதிதான் சரி.

இதில் இருப்பது பழைய வியாபார உத்தி. முக்கிய சரக்கின் விலையைத் தொடாமல், பக்கத்தில் ஒரு சண்டைக்கார பொருளை நிறுத்துவது. அசல் தம்ஸ் அப் 20 ரூபாயிலேயே இருக்கும். பத்து ரூபாய் நாணயத்தோடு வருகிறவருக்கு எக்ஸ் ஃபோர்ஸ். ருசி கொஞ்சம் வேறு என்பதால், வழக்கமாக 20 ரூபாய் கொடுக்கிறவர்கள் எல்லாரும் கீழே இறங்கிவிட மாட்டார்கள் என்று கணக்கு. சர்க்கரைச் செலவும் மிச்சம்.

1980-களில் சலவைத்தூளில் நடந்ததும் இதேதான். அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் 1969-ல் தொடங்கிய நிர்மா, சர்ஃபைவிடப் பல மடங்கு குறைந்த விலையில் வந்து நாட்டையே பிடித்தது. அப்போதைய ஹிந்துஸ்தான் லீவர் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. நிர்மா வாங்குகிறவர் நம் வாடிக்கையாளர் இல்லை என்று நினைத்தது. புத்தி வந்தபோது சர்ஃப் விலையைப் பாதியாக்கவில்லை. வீல் என்ற புதுப் பெயரில், நிர்மாவைப் போலவே செலவைச் சுருக்கிய தயாரிப்பு முறையோடு இறங்கியது. அந்தத் திட்டத்துக்கு உள்ளுக்குள் வைத்த பெயர் ஸ்டிங். பெப்சியின் எனர்ஜி டிரிங்க் பெயரும் ஸ்டிங்தான். தற்செயல்தான், ஆனாலும் சிரிப்பு வருகிறது.

வீல் ஜெயித்ததற்கும் எல்லா சண்டைக்கார பொருளும் ஜெயிக்காததற்கும் வித்தியாசம் செலவில் இருக்கிறது. லீவர் விலையை மட்டும் குறைக்கவில்லை, செய்யும் முறையையே மாற்றியது. கோக், பெப்சியின் 10 ரூபாய் பாட்டில் அதே ஆலை, அதே லாரி, அதே ஏஜென்சி வழியாகத்தான் வருகிறது. இந்த இடத்தில் அவர்கள் பதிலடி பலவீனமாகத்தான் தெரிகிறது.

எதிராளியையே பார்த்துக்கொண்டிருந்தால்...

இதற்கு மறுபக்கமும் உண்டு. எதிராளியை அளவுக்கு மேல் கவனிப்பதும் ஆபத்து. 1975-ல் பெப்சி அமெரிக்காவில் கண்ணைக் கட்டிக் கோலா குடிக்க வைக்கும் சோதனையை விளம்பரமாக்கியது. பெயர் தெரியாமல் குடித்தவர்கள் பெப்சியை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். பதறிய கோக் தானும் சோதனை செய்தது. ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரிடம் ருசி பார்த்து, 1985 ஏப்ரலில் பழைய கோக்கை நிறுத்திவிட்டு இனிப்பு கூடின ‘நியூ கோக்’கை இறக்கியது. ஜனங்கள் கொதித்துப்போனார்கள். 79 நாளில் பழைய கோக் திரும்பி வந்தது. ஒரு வாய் குடிக்கும்போது இனிப்பு ஜெயிக்கும். முழு பாட்டில் குடிக்கும்போது, பல வருடப் பழக்கத்தோடு குடிக்கும்போது கதை வேறு. பெப்சியை எப்படி ஜெயிப்பது என்று கேட்டவர்கள், கோக் குடிப்பவர் ஏன் கோக் குடிக்கிறார் என்று கேட்க மறந்தார்கள்.

இந்தியாவில் அதே கம்பெனி இன்னொரு பாடமும் படித்தது. 1993-ல் பார்லேயின் ரமேஷ் சௌஹானிடமிருந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட், மாஸா எல்லாவற்றையும் வாங்கியது. தம்ஸ் அப்பை மெல்ல மறக்கடித்து அந்த இடத்தில் கோக்கை உட்காரவைக்கலாம் என்ற எண்ணம் பலிக்கவில்லை. தம்ஸ் அப் ஆட்கள் கோக்குக்கு மாறவில்லை. கடைசியில் தம்ஸ் அப்புக்கே மறுபடி விளம்பரம் செய்ய வேண்டியதாயிற்று. 2021-ல் இந்தியாவில் 100 கோடி டாலர் விற்பனையைத் தொட்டது கோக் இல்லை, தம்ஸ் அப்.

சந்தையைப் படிப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: மழை. 2025 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் வருண் பெவரேஜஸின் இந்திய விற்பனை அளவு சுமார் 7 சதவீதம் இறங்கியது. கோடையில் பெய்த மழைதான் காரணம் என்றது நிறுவனம். அந்த வருடம் கோடை நனைந்ததும் உண்மை. ஆனால் அதே ஏப்ரல், மே மாதங்களில்தான் கேம்பா ஐபிஎல் விளம்பரங்களில் நிறைந்திருந்தது. எத்தனை சதவீதம் மழை, எத்தனை சதவீதம் கேம்பா? வெளியில் இருந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உள்ளே இருப்பவர்களுக்கு மழையைக் காரணம் சொல்வது வசதி.

நடுவில் மாட்டியவர்கள்

பெரிய மூன்று பேர் மோதும்போது செய்திகளில் வராத ஒரு கூட்டம் இருக்கிறது. விருதுநகரில் 1916-ல் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க், பொவொண்டோ என்ற பெயரை வைத்து கோக், பெப்சி இரண்டுக்கும் எதிரே தாக்குப்பிடித்து நின்றது. ஜல்லிக்கட்டு போராட்டத்துக்குப் பிறகு, 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் அறிவித்தபோது ஃபிரிட்ஜில் கிடைத்த இடத்தை பொவொண்டோவும் டொரினோவும் ஊர் ஊரான பன்னீர் சோடாக்களும் நிரப்பின. அந்த உற்சாகம் நீடிக்கவில்லை, கோக்கும் பெப்சியும் திரும்பி வந்துவிட்டன. ஆனாலும் இந்தச் சின்ன கம்பெனிகளின் இடம் போகவில்லை. உள்ளூர் ருசி, குறைந்த விலை, ‘நம்ம ஊரு’ என்ற பாசம் மூன்றும் அவர்கள் பலம்.

கேம்பா கை வைப்பது இதே மூன்றிலும்தான். விலை குறைவு. 70-களின் நினைவைக் கிளறும் இந்தியப் பெயர். உள்ளூர் பிராண்டுகளை அடக்கிக்கொள்ளும் கொள்கையும் உண்டு: குஜராத்தின் சோஸ்யோவில் 2023-லேயே ரிலையன்ஸ் பாதிப் பங்கை வாங்கியது. 2025-ல் முத்தையா முரளிதரனோடு சேர்ந்து ஸ்பின்னர் என்ற விளையாட்டு பானத்தையும் 10 ரூபாய்க்கே இறக்கியது. கோக்குக்கு கேம்பா ஒரு தலைவலி. மாவட்ட அளவில் சோடா கம்பெனி நடத்துகிறவருக்கு இது வாழ்வா சாவா கேள்வி. கோக்கால் செய்ய முடியாததை ரிலையன்ஸ் செய்கிறது. ரிலையன்ஸால் செய்ய முடியாதது என்ன என்று இவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். திரும்பக் கொடுக்கும் கண்ணாடி பாட்டில், ஐம்பது கிலோமீட்டருக்குள் விற்பனை, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் நேரடி சப்ளை போன்றவற்றில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது.

இப்படி அடிமாட்டு விலைக்கு விற்பதைச் சட்டம் தடுக்காதா என்ற கேள்வி வரும். 2002 போட்டிச் சட்டப்படி, அடக்க விலைக்குக் கீழே விற்று எதிராளியை ஒழிப்பது குற்றம்தான். ஆனால் சந்தையில் ஏற்கெனவே ஆதிக்கத்தில் இருக்கும் நிறுவனம் செய்தால்தான் அது குற்றம். ஜியோ இலவசமாகக் கொடுத்தபோது ஏர்டெல் போட்டி ஆணையத்திடம் போனது. புதிதாக வருகிறவர் ஆதிக்கத்தில் இல்லை என்று 2017 ஜூனில் ஆணையம் புகாரைத் தள்ளிவிட்டது. கேம்பா 10 ரூபாய்க்கு நஷ்டத்தில் விற்கிறதா என்பது வெளியில் தெரியாது. அப்படியே விற்றாலும், சில மாநிலங்களில் 10 சதவீதம் என்ற அளவில் இருக்கும் வரை இந்தப் பிரிவு அதைத் தொடுவது கடினம். தொடும் அளவுக்கு வளர்ந்த பிறகு, விலையை ஏற்றிக்கொள்ள எதிரே எத்தனை பேர் மிச்சம் இருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

அடுத்த நகர்வு வரியில் இருந்து வரலாம். 2025 செப்டம்பர் மாற்றத்தில் கார்பனேட்டட் பானங்கள் 40 சதவீதத்தில் நின்றபோது, கேஸ் சேர்க்காத பழச்சாறு பானங்களுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 5 ஆனது. 10 ரூபாய் மாம்பழ பானத்தில் வரி இப்போது 50 பைசாவுக்கும் கீழே. அதே விலை கோலாவில் 2 ரூபாய் 86 பைசா. ஒரே லாரியில் ஏற்றி, ஒரே கடையில் இறக்கி, ஒரே விலைக்கு விற்கும் இரண்டு பாட்டிலுக்கு நடுவில் இரண்டு ரூபாய்க்கு மேல் இடைவெளி. மாஸா கோக்கிடம் இருக்கிறது, ஸ்லைஸ் பெப்சியிடம் இருக்கிறது, ரஸ்கிக் ரிலையன்ஸிடம் இருக்கிறது. அந்த இரண்டு ரூபாயை யார் கடைக்காரருக்குக் கொடுக்கிறார், யார் வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறார், யார் தன் பாக்கெட்டில் போடுகிறார் என்பது அடுத்த கோடையில் ஃபிரிட்ஜின் மேல் தட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.